மூன்றாம் பத்தியும் சாதியின் மதமும்

மதம் மாறினால் சாதி கழன்றுவிடும் என்ற துணிபின்மேல் நிற்கிறது, 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி. பஞ்சாபின் சில சீக்கியச் சாதிகள் நீங்கலாக, தொடக்கத்தில் அது இந்துக்களை மட்டுமே ஏற்றது. 1956இல் சீக்கியர் அனைவருக்கும் 1990இல் பௌத்தருக்கும் இடம் தந்தது. கிறித்தவ, இசுலாமியத் தலித்துகள் இன்றும் வெளியில்தான். அவ்விரு மதங்களும் சாதியை ஏற்பதில்லையே என்பார்கள். சீக்கியமும் பௌத்தமும் மட்டும் ஏற்கின்றனவா? அரசியலமைப்பின் 25ஆம் உறுப்பு சீக்கியரையும் பௌத்தரையும் இந்துக்களாகவே கொள்கிறது என்ற வாதமும் நிற்காது. அந்த விளக்கம் இந்து சமய நிறுவனங்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடுவது பற்றியது. அதில் சமணரும் உண்டு, மூன்றாம் பத்தியில் இல்லை. பழங்குடியினர் பட்டியலோ மதத்தைக் கேட்பதே இல்லை.

சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த சூசை, ஆதிதிராவிடராய்ப் பிறந்து கிறித்தவரானவர். பட்டியல் சாதித் தொழிலாளருக்கு அரசு இலவசமாகத் தந்த பெட்டிக்கடை அவருக்கு மறுக்கப்பட்டது. 1985இல் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பின்னும் பழைய இழிநிலை அதே கடுமையோடு தொடர்வதற்குச் சான்று போதாது என்று வழக்கைத் தள்ளியது. அதே தெருவில் அமர்ந்த இந்துத் தொழிலாளியிடம் எவரும் இச்சான்றைக் கேட்கவில்லை; பாகுபாடு இருப்பது இங்கேதான். தாய்மதம் திரும்புவோரைச் சாதியார் ஏற்றுக்கொண்டால் பழைய சாதி மீளும் என்று 1975இல் ஆறுமுகம் வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. மீள்வதற்கு அது எங்கோ இருந்திருக்க வேண்டுமல்லவா! சான்றுக்கும் பஞ்சமில்லை: திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரின் கல்லறைகளைப் பிரித்து நின்ற சுவர் ஊரறிந்தது. அதைத் திருச்சபைதான் திருத்த வேண்டும் என்பது சரி. ஆனால் திருச்சபையின் குற்றத்துக்கு, அதனால் பாதிக்கப்பட்டவரின் உரிமையைப் பிடித்து வைப்பது என்ன நியாயம்?

வலுவான மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது: இடஒதுக்கீட்டின் அளவு கூடாமல் உரியோர் தொகை மட்டும் கூடினால், இழப்பவர்கள் இந்துத் தலித்துகள். இது வெறும் சாக்கு அல்ல. மதத் தடையை நீக்கச் சொன்ன ரங்கநாத் மிஸ்ரா ஆணையத்தின் 2007ஆம் ஆண்டு அறிக்கை கிடப்பில் கிடப்பதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். எனினும் எல்லா உரிமையும் பங்கிட்டால் குறைவதல்ல. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வேலையோ கல்லூரி இடமோ தருவதில்லை. அடியும் வசையும் விழும்போது காவல் தருகிறது. அதுவும் பட்டியல் சாதி என்பதை இதே ஆணையைக் கொண்டே வரையறுப்பதால், சாதி சொல்லித் தாக்கப்பட்டதாக ஒரு போதகர் கொடுத்த புகாரில் அச்சட்டம் பொருந்தாது என்று 2025இல் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடஒதுக்கீட்டுச் சிக்கல் தீரும்வரை இந்தக் காவலும் காத்திருக்க வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவரின் மதத்தைப் பாராமல் அவர் பிறந்த சாதியை மட்டும் பார்க்கும்படி, அந்தச் சட்டத்தின் வரையறையை நாடாளுமன்றம் தனியே திருத்த முடியும். ஒருவருடைய ஒதுக்கீட்டிலும் ஓரிடம்கூடக் குறையாது.