உருளைப்புழுக்களின் சூழலுணர்வு

உருளைப்புழுக்களின் சூழலுணர்வு என்பது, உருளைப்புழுத் தொகுதியைச் சேர்ந்த உயிரினங்கள் தம்மைச் சூழ்ந்துள்ள வேதிப்பொருட்கள், வெப்பநிலை, ஈரம், தொடுகை, வளிமங்களின் அளவு முதலியவற்றை அறிந்து, அவற்றிற்கேற்பத் தம் இயக்கத்தையும் வளர்ச்சியையும் மாற்றிக்கொள்ளும் திறனைக் குறிக்கும். வேளாண் நூல்களில் இப்புழுக்கள் நூற்புழுக்கள் என அழைக்கப்படுகின்றன. இவற்றுக்கு உருவங்களைக் காணும் கண்ணோ செவியோ இல்லை. நரம்பணுக்களும் சில நூறே உள்ளன. எனினும், ஏற்ற வேரையோ விலங்கையோ ஏற்ற நேரத்தில் இவை கண்டடைகின்றன. எந்தப் புழு எந்த அறிகுறியை நம்பி வாழ்கிறது என்பதை அறிந்தால், அதனைத் தடுக்கவும் பயன்படுத்தவும் இயலும். புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் திருவாண்டார்கோயில், வில்லியனூர், பாகூர் முதலிய ஊர்களைச் சூழ்ந்துள்ள நெல் வயல்களும், யானைக்கால் நோய்க்கு எதிராக அங்கு நடைபெற்ற பணிகளும் இதற்கு எடுத்துக்காட்டுகளாகும்.

புலனுறுப்புகள்

உருளைப்புழுவின் தலையின் இரு பக்கங்களிலும் ஆம்பிடு எனப்படும் சிறு குழி ஒவ்வொன்று அமைந்துள்ளது. புலன் நரம்பணுக்களின் நுனிகள் இக்குழியின் வழியாக வெளிச்சூழலைத் தொடுகின்றன. மனிதரில் மூக்கும் நாக்கும் செய்யும் வேலைகள் இரண்டையும் இவ்வுறுப்பே செய்கிறது எனலாம். சில வகைகளில் வாலருகிலும் பாசுமிடு எனப்படும் இதைப் போன்ற இணை உறுப்பு உண்டு.

சீனோராப்டிடிசு எலிகன்சு எனும் மண்புலப் புழுவிலேயே இவ்வுறுப்புகள் மிக நுணுக்கமாக ஆராயப்பட்டுள்ளன. ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளமுள்ள இப்புழு ஒட்டுண்ணி அன்று. பாக்டீரியாவை உண்டு வாழ்கிறது. இதன் இருபால் உயிரியில் 302 நரம்பணுக்கள் மட்டுமே உள்ளன. அவற்றின் இணைப்புகள் அனைத்தும் 1986-இல் வரைபடமாக வெளியிடப்பட்டன. ஒவ்வோர் ஆம்பிடிலும் 12 புலன் நரம்பணுக்கள் உள்ளன. அவற்றுள் சில எளிதில் ஆவியாகும் மணங்களையும், சில உப்பையும், சில தீங்கு தரும் பொருட்களையும் உணர்கின்றன. வெண்ணெய்க்கு மணம் தரும் டைஅசெட்டில் எனும் பொருளை உணரும் ஏற்பியைப் பியாலி சென்குப்தா, கோரி பார்க்மன் ஆகியோர் 1996-இல் கண்டறிந்தனர்.

வெப்பநிலை பற்றிய இதன் நடத்தை குறிப்பிடத்தக்கது. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் உணவுடன் வளர்க்கப்பட்ட புழுவை வெப்பம் படிப்படியாக மாறும் பரப்பில் விட்டால், அது தான் வளர்ந்த வெப்பநிலையை நாடிச் செல்கிறது. எட்ச்காக், ரசல் ஆகியோர் இதனை 1975-இல் அறிவித்தனர். ஏஎஃப்டி எனும் ஓர் இணை நரம்பணுவே இதில் முதன்மையானது. உணவு குறைந்து, கூட்டம் பெருகி, வெப்பமும் உயர்ந்தால், இளம்புழு வாயை மூடிக்கொண்டு பல வாரங்கள் உண்ணாமல் தாக்குப்பிடிக்கும் உறக்கநிலைக்குச் செல்கிறது. புழுக்கள் தாமே வெளியிடும் வேதிப்பொருளின் செறிவே கூட்டத்தின் அளவை அறிவிக்கிறது.

மணத்தின் மூலம் எங்கே உள்ளது என்பதைப் புழு நேரடியாக அறிவதில்லை. அது நெளிந்து முன்செல்லும்போது மணம் மிகுந்தால் அதே திசையில் தொடர்கிறது; குறைந்தால் பின்வாங்கித் திரும்பி வேறு திசையில் செல்கிறது. இந்த எளிய விதி மீண்டும் மீண்டும் நிகழ்வதாலேயே அது இலக்கை அடைகிறது.

நெல் வயலில்

திருவாண்டார்கோயில் பகுதியில் பயிராகும் நெல், கரும்பு ஆகிய இரண்டும் நூற்புழுக்களின் தாக்குதலுக்கு உள்ளாகக்கூடியவை. வேர்முடிச்சு நூற்புழுவின் இளம்புழு, வேர் கசியவிடும் பொருட்களையும் கார்பன் டை ஆக்சைடையும் பின்தொடர்ந்து வேரின் நுனியை அடைகிறது. நெல்லைத் தாக்கும் மெலாய்டோகைன் கிராமினிக்கோலா எனும் இனம் நீர் தேங்கிய மண்ணில் உயிர்வாழும். ஆனால் அந்நிலையில் வேருக்குள் புகுவது அரிது. நீர் வடிந்ததும் விரைந்து புகுகிறது. எனவே நாற்றங்காலிலும் வயலிலும் நீர் நிற்பது இதற்கு ஒரு தடையாகும். இர்சுமேனியெல்லா ஒரைசே எனும் நெல்வேர் நூற்புழுவோ நீர் நிறைந்த மண்ணிலேயே நன்கு வாழ்கிறது. ஆகவே வயலில் நீர் கட்டுவது எல்லா நூற்புழுக்களுக்கும் மருந்தாகிவிடாது.

நீர் நிற்கும் வயலில் கொசுவும் பெருகும். அங்கே வேறோர் உருளைப்புழு மனிதருக்கு உதவுகிறது. ரோமனோமெர்மிசு ஐயங்காரி எனப்படும் அப்புழு கொசுவின் குடம்பிகளைத் தாக்கும் ஒட்டுண்ணியாகும். பேச்சுவழக்கில் கொசுக்குடம்பியும் கொசுப்புழு எனப்படுவதால் குழப்பம் நேரலாம். குடம்பி பூச்சியின் இளநிலை, ஐயங்காரியோ உண்மையான உருளைப்புழு. வங்காளத்தில் அனாபிலிசு கொசுக்களின் ஒட்டுண்ணிப் புழுக்களைப் பற்றி 1927-இல் எழுதிய எம். ஓ. டி. ஐயங்காரின் பெயரை இவ்வினம் தாங்கியுள்ளது. புதுச்சேரி நெல் வயல்களில் கொசுக்குடம்பிகள் ரோமனோமெர்மிசு புழுவால் இயற்கையாகவே தாக்கப்படுவது 1979-இல் வெளியான ஓர் ஆய்வில் பதிவாகியுள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 1975 முதல் புதுச்சேரியில் இயங்கும் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இப்புழுவை ஆய்வகத்தில் பெருக்கி ஆராய்ந்தது.

இப்புழுவின் முட்டைகள் ஈர மணலில் கிடக்கும். அவற்றுக்கு விடியலை அறிவிப்பது நீரே. நீர் பாய்ந்ததும் முட்டைகள் பொரிந்து, நுண்ணிய இளம்புழுக்கள் வெளிவந்து நீந்துகின்றன. இந்நிலையில் அவை உண்பதில்லை. ஓரிரு நாட்களுக்குள் குடம்பியைக் கண்டடையாவிடில் இறந்துவிடும். கண்டடைந்தால் வாயிலுள்ள ஊசி போன்ற உறுப்பால் குடம்பியின் தோலைத் துளைத்து உட்புகுகின்றன. சில நாட்கள் உள்ளே வளர்ந்து உடலைப் பிளந்து வெளியேறும்போது குடம்பி இறக்கிறது. வெளியேறிய புழுக்கள் அடிமண்ணுக்குச் சென்று முதிர்ந்து முட்டையிடுகின்றன.

இப்புழுக்களின் பாலினமும் சூழலைப் பொறுத்ததே. ஒரு குடம்பிக்குள் ஓரிரு புழுக்களே புகுந்திருந்தால் அவை பெரும்பாலும் பெண்ணாகின்றன. பல புகுந்து உணவு பங்கிடப்பட்டால் ஆண்களாகின்றன. ஆய்வகத்தில் இவற்றைப் பெருக்குவோர், குடம்பி ஒன்றுக்கு எத்தனை இளம்புழுக்களை விடுவது என்பதை இதனாலேயே கணக்கிட வேண்டியுள்ளது. கியூபா, மெக்சிகோ, பெனின் ஆகிய நாடுகளிலும் இவ்வினம் கொசுக் கட்டுப்பாட்டிற்காகச் சோதிக்கப்பட்டுள்ளது.

இரத்தத்தில் இரவும் பகலும்

யானைக்கால் நோயை உண்டாக்கும் உச்செரேரியா பான்கிராப்டி எனும் புழுவின் முதிர்நிலை மனிதரின் நிணநீர்க் குழாய்களில் வாழ்கிறது. பெண்புழு ஈனும் நுண்புழுக்கள் இரத்தத்தில் கலக்கின்றன. கொசு அவற்றை உறிஞ்சினாலன்றி அவை மேலும் வளர்வதில்லை. இந்நுண்புழுக்களை இரத்தத்தில் முதலில் கண்டவர் கல்கத்தாவில் பணியாற்றிய டிமோதி லூயிசு ஆவார் (1872). கொசுவின் உடலில் இவை வளர்வதைப் பாட்ரிக் மான்சன் சீனாவின் அமோய் நகரில் 1877-இல் கண்டறிந்தார். இவை இரவில் மட்டுமே மிகுதியாகத் தென்படுகின்றன என்பதைக் காட்டியவரும் அவரே.

பகலில் நுண்புழுக்கள் நுரையீரலின் நுண்குழாய்களில் தங்குகின்றன. இரவில் தோலருகேயுள்ள இரத்தத்திற்கு வருகின்றன. நள்ளிரவை ஒட்டி எண்ணிக்கை உச்சத்தை எட்டுகிறது. இந்தியாவில் இந்நோயைப் பரப்பும் கியூலெக்சு குயின்குபேசியேட்டசு கொசு கடிக்கும் நேரமும் அதுவே. இருளை நுண்புழு எவ்வாறு அறிகிறது? இலண்டனில் இசுடீபன் மெக்கன்சி 1881-இல், நோயாளி ஒருவரைப் பகலில் உறங்கி இரவில் விழித்திருக்கச் செய்தபோது, சில நாட்களில் புழுக்களின் ஒழுங்கும் தலைகீழானது. ஆகவே அவை பின்பற்றுவது கதிரவனை அன்று, தாம் குடியிருக்கும் உடலின் உறக்கத்தை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிராங்க் ஆக்கிங் இதனை மேலும் ஆராய்ந்தார். இவர் இயற்பியலாளர் இசுடீவன் ஆக்கிங்கின் தந்தை ஆவார். இரவில் நோயாளிக்கு ஆக்சிசன் அளித்தால் தோலருகே நுண்புழுக்கள் குறைவதை அவர் கண்டார். நுரையீரலில் தமனி, சிரை இரத்தங்களுக்கு இடையேயான ஆக்சிசன் வேறுபாட்டை உணர்ந்தே இவை நுரையீரலில் தங்குகின்றன அல்லது வெளியேறுகின்றன என்பது அவரது விளக்கம்.

இந்த ஒழுங்கு எல்லா இடங்களிலும் ஒன்றன்று. நிகோபாரின் நான்கௌரி தீவுகளில், பகலில் கடிக்கும் காட்டுக் கொசுவான ஏடிசு நைவியசு நோயைப் பரப்புகிறது. அங்குள்ள நுண்புழுக்களின் எண்ணிக்கை பகலிலேயே கூடுகிறது. ஒரே இனப்புழு, கடத்தும் கொசுவின் பழக்கத்திற்கேற்பத் தன் நேரத்தை மாற்றிக்கொண்டுள்ளது.

நடைமுறையில் இதன் விளைவு பெரிது. பகலில் எடுத்த இரத்தத்தில் புழு தென்படாததால் ஒருவருக்கு நோய்த்தொற்று இல்லை என்று கூற இயலாது. இதனால்தான் இந்தியாவில் யானைக்கால் நோய்க் கணக்கெடுப்பில் இரவு 8.30 மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையே பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று விரல்நுனி இரத்தம் எடுத்தனர். உறங்கும் பிள்ளைகளை எழுப்பி ஊசி குத்துவதை மக்கள் விரும்பாதது இயல்பே. டைஎத்தில்கார்பமசின் மருந்தைச் சிறிதளவு கொடுத்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நுண்புழுக்கள் பகலிலும் வெளிவரும் என்பது ஒரு மாற்றுவழி. முதிர்புழு வெளியிடும் பொருளை இரத்தத்தில் காட்டும் அட்டைச் சோதனை வந்தபின், இவ்வினத்தைப் பொறுத்தவரை எந்நேரத்திலும் இரத்தம் எடுக்கலாம் என்றாயிற்று.

புதுச்சேரி நகரில் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1981 முதல் 1985 வரை நடத்திய திட்டம் புழுவை விடுத்துக் கொசுவைக் குறிவைத்தது. கியூலெக்சு கொசு அழுக்கு நீரில் முட்டையிடுவதால், சாக்கடைகளையும் தேங்கிய நீர்நிலைகளையும் ஒழுங்குபடுத்துவது அதன் முதன்மைப் பணியாயிற்று. நன்னீர் வயலுக்கு ஏற்ற ரோமனோமெர்மிசு புழு அத்தகைய மாசடைந்த நீரில் சிறப்பாகச் செயற்படுவதில்லை.

கொசுவின் வாயுறுப்பில் காத்திருக்கும் தொற்றுநிலைப் புழுவும் அறிகுறி ஒன்றைப் பின்பற்றுகிறது. கொசு தோலில் அமர்ந்து குத்தும்போது, உடலின் வெதுவெதுப்பில் அது வெளியேறி, தோலின் மேல் ஊர்ந்து, கொசு இட்ட துளை வழியாக உட்செல்கிறது. கொக்கிப்புழுவின் இளம்புழு இடையில் கொசு எதையும் நாடாமல் ஈரமண்ணிலிருந்தே வெறுங்காலின் வெப்பத்தை நோக்கி நகர்கிறது. இசுட்ராங்கிலாய்டிசு எனும் மற்றொரு குடற்புழுவை, பாலூட்டிகளின் தோலில், சிறப்பாகப் பாதத்தில், மிகுதியாகக் காணப்படும் யூரோகானிக் அமிலம் ஈர்ப்பதாக 2007-இல் கண்டறியப்பட்டது.