ஈயின் பெயர்

கடலூர் முதுநகர்ப் பக்கம் மீன் காயவைக்கும் பெண்களுக்கு அந்த ஈயைத் தெரியும். பச்சையும் நீலமுமாய் மின்னும் உடம்பு, சிவந்த பெரிய கண். உப்புக் குறைந்தாலோ மூட்டம் போட்டாலோ கருவாட்டில் புழு வைத்துவிடும். உழைப்பு அவ்வளவும் வீண். விலங்கியலில் அதன் பெயர் க்ரைசோமியா மெகாசெபாலா. பிணத்தை முதலில் கண்டுபிடித்து முட்டையிடும் ஈக்களிலும் அது ஒன்று. புழுவின் வளர்ச்சியைக் கொண்டு இறந்த நேரத்தைக் கணிக்கும் துறை இத்தகைய ஈக்களை நம்பித்தான் நிற்கிறது.

அந்தத் துறையின் ஐரோப்பிய வரலாறு ஒரு சிசுவின் உடலிலிருந்து தொடங்குகிறது. 1850இல் பிரான்சின் ஆர்புவா ஊரில், பலர் குடியிருந்து போன ஒரு வாடகை வீட்டைப் பழுதுபார்த்தபோது கணப்படுப்புக்குப் பின்னால் அது கிடைத்தது. சிசுவின் உடல் கிடைத்தால் தேடப்படுகிறவள் தாய்தான். தகப்பனை யார் தேடினார்கள்? மருத்துவர் பெர்ஜெரே பூச்சிகளின் மிச்சங்களை ஆராய்ந்து, உடல் 1848இல் வைக்கப்பட்டது என்றார். சந்தேகம் அப்போது குடியிருந்தவர்கள் பக்கம் திரும்பியது. ஈ முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஓராண்டு ஆகும் என்பது அவர் கணக்கு. நம் ஊர் வெக்கையில் அதற்குப் பத்து நாள் போதும்! அவ்வளவு ஆட்டங்காணும் அறிவியலின்மேல் ஒரு பெண்ணின் கதி தொங்கியது.

இனத்துக்கு இனம் வளரும் வேகம் வேறு. ஆகவே பெயர் தவறினால் நேரமும் தவறும். ஆனால் இளம்புழுக்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். உயிரோடு வளர்த்து ஈயாக்கிப் பார்க்கலாம். புழு செத்துவிட்டால் அதுவும் இல்லை. 1994இல் கனடாவில் ஸ்பெர்லிங், கெய்ல் ஆண்டர்சன், ஹிக்கி மூவரும் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவைக் கொண்டு ஈ இனங்களைப் பிரித்துக் காட்டினார்கள். புழுவின் ஒரு துண்டு, சில வேளை ஈ வெளியேறிய பின் கிடக்கும் வெற்றுக்கூடு, இவையே போதும். ஒரு நிபந்தனை உண்டு: ஒப்பிட்டுப் பார்க்க அந்தந்த வட்டார ஈக்களின் டிஎன்ஏ முன்பே பதிவாகியிருக்க வேண்டும். நெருங்கிய உறவுள்ள சில இனங்களை இந்த முறையாலும் பிரிக்க முடிவதில்லை.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தில் மீன் இனங்களை அடையாளம் காணப் படிக்கப்பட்டதும் இதே சிஓஐ மரபணுதான். விலங்கியல் படிக்கும் மாணவிகளுக்கு இது புதிதல்ல. மீனுக்குச் செய்ததை மீன்மேல் உட்காரும் ஈக்கும் செய்யலாம்.

அமெரிக்காவின் நெவாடாவில், 2001இல் நடந்த ஒரு கொலைக்காக 18 வயதுப் பெண் ஒருத்தி கைதானாள். ஏறக்குறைய பதினாறு ஆண்டு சிறை. கோடைப் பகலில் வெளியே கிடந்த உடலில் ஈ முட்டை இருந்தாக வேண்டும். இந்த உடலில் ஒன்றுகூட இல்லை. ஆகவே மரணம் அந்திக்குப் பிறகே நிகழ்ந்திருக்க வேண்டும் என்று பூச்சியியலாளர்கள் 2017இல் நீதிமன்றத்தில் சொன்னார்கள். அந்நேரத்தில் அவள் வேறு ஊரில், தன் வீட்டில் இருந்தாள். தீர்ப்பு ரத்தானது. சாட்சி சொன்னவர்களில் ஒருவர் அதே கெய்ல் ஆண்டர்சன்.