திருவாசகம் (இளையராஜா இசைத்தொகுப்பு): ரசிகர் மதிப்பீடுகள்

மாணிக்கவாசகரின் திருவாசகத்திலிருந்து ஆறு பகுதிகளை எடுத்து இளையராஜா இசையமைக்க, 2005-இல் வெளிவந்த இசைத்தொகுப்பு இது. பேச்சுவழக்கில் ‘திருவாசகம் சிம்பொனி’ என்றே நிலைத்துவிட்டது. அருட்தந்தை ஜெகத் கஸ்பர் ராஜ் முன்னின்று நடத்திய தமிழ் மையம் இதைத் தயாரித்தது. லாஸ்லோ கோவாக்ஸ் நடத்த, புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. ஆங்கில வரிகளை அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதினார். ‘பூவார் சென்னி மன்னன்’, ‘பொல்லா வினையேன்’, ‘பூவேறு கோனும்’, ‘உம்பர்கட்கரசே’, ‘முத்துநற்றாமம்’, ‘புற்றில்வாழ்’ என்பன இதிலுள்ள பாடல்கள். 1976-இல் ‘அன்னக்கிளி’யில் தொடங்கி இன்றும் ஓயாத இசைவாழ்வின் ஏறக்குறைய நடுப்பகுதியில் நிற்கும் படைப்பு இது. இளையராஜா ரசிகர்களுக்குள் இதைப் போல் கருத்து பிளந்து நிற்கும் திரைசாரா ஆக்கம் வேறொன்று இல்லை. சிகரம் என்போரும் உண்டு. பெயருக்கேற்ற பொருள் இல்லை என்போரும் உண்டு. ஆனால் ஆறு பாடல்களும் ஒரே தரத்தில் நிற்கின்றன என்று இரு தரப்பிலும் யாரும் வற்புறுத்துவதில்லை. அந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணமாக ஆங்கிலத்தையும், குரலையும், மேற்கத்திய வாத்தியங்களையும் காட்டுவது வழக்கம். உண்மையான காரணம் மூலநூலின் அமைப்பிலேயே இருக்கிறது. திருவாசகப் பகுதிகளின் வகைமையை அறியாமல் இத்தொகுப்பை எடைபோட முடியாது.

மூலநூலின் பிறப்பிடம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கியை அடுத்த ஆவுடையார்கோயில், அதாவது திருப்பெருந்துறை. திருவாதவூரில் பிறந்து பாண்டியனிடம் அமைச்சராக இருந்த வாதவூரர், அரசனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு கிழக்குக் கடற்கரை நோக்கிப் புறப்பட்டார். பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவாக அமர்ந்திருந்த சிவனைக் கண்டு அங்கேயே தங்கிவிட்டார். குதிரைப் பணம் கோயிலாயிற்று. நரிகள் பரிகளாகி மதுரைக்குப் போய், இரவில் மீண்டும் நரிகளான கதையும் இதைத் தொடர்ந்தது. இப்பகுதிக் கற்றச்சர்களுக்குக் குதிரை மீது தனிப் பற்று உண்டு. ஆவுடையார்கோயில் மண்டபத் தூண்களில் குதிரை வீரர்கள் நிற்கிறார்கள். மாவட்டத்தின் வடபகுதியில் உள்ள குன்றாண்டார்கோவிலில், பல்லவர் காலக் குடைவரைக்கு முன்னுள்ள பிற்கால மண்டபமே குதிரைகள் இழுக்கும் தேராக வடிக்கப்பட்டிருக்கிறது. திருமயம், குடுமியான்மலை, மலையடிப்பட்டி, குன்றாண்டார்கோவில் என்று குன்றைக் குடைந்து சிவனுக்கு இடம் செய்த நாட்டில், ஆவுடையார்கோயில் மட்டும் எதிர்த்திசையில் போனது. அங்கே கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடை மட்டுமே. நந்தியும் கொடிமரமும் இல்லை. பொங்கிய சோற்றைப் படைகல்லில் கொட்டி, எழும் ஆவியையே இறைவனுக்கு நிவேதனமாகக் காட்டுகிறார்கள். உருவத்தை நீக்கிவிட்டு உணர்வை வைத்த அக்கோயில், திருவாசகம் எத்தகைய நூல் என்பதற்கும் நல்ல சான்று. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்நூல் சைவத் திருமுறைகளில் எட்டாவதாக வைக்கப்பட்டது. 1900-இல் ஜி.யு. போப் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். மார்கழியில் பாடப்படும் திருவெம்பாவை கடல் கடந்து தாய்லாந்து அரண்மனைச் சடங்கு வரை சென்றது.

திருவாசகத்தில் 51 பகுதிகளும் 658 பாடல்களும் உள்ளன. ஒரே மனிதரின் உருக்கம் என்ற பொதுவான எண்ணத்தால் இவை எல்லாம் ஒரே வகை என்று நினைத்துவிடுகிறோம். பாடும் முறையில் இவை வெவ்வேறு. சிவபுராணம், கீர்த்தித் திருவகவல், திருவண்டப்பகுதி, போற்றித் திருவகவல் ஆகிய முதல் நான்கும் இடைவெளியின்றி ஓடும் நெடும்பாட்டுகள். ஏழாவதான திருவெம்பாவையில் தொடங்கி அம்மானை, பொற்சுண்ணம், கோத்தும்பி, தெள்ளேணம், சாழல், பூவல்லி, உந்தியார், தோணோக்கம், பொன்னூசல் என்று வருபவை பெண்கள் ஆடிக்கொண்டும் வேலை செய்துகொண்டும் பாடிய பாட்டுகளின் சாயலில் அமைந்தவை. பொற்சுண்ணம் என்றால் உரலில் வாசனைப் பொடி இடிக்கும் பெண்களின் பாட்டு. உலக்கை விழும் அடி அதன் தாளத்திலேயே இருக்கிறது. கோத்தும்பியில் வண்டை விளித்துத் தூது அனுப்புகிறாள் ஒருத்தி. ஒவ்வொரு பாடலும் அந்த விளியிலேயே போய் முடிகிறது. நூலின் பிற்பகுதியில் பத்துப் பத்தாக வரும் பதிகங்கள் வேறொரு இனம். அச்சப் பத்தும் பிடித்த பத்தும் தனியொருவர் இறைவனோடு நேர்நின்று பேசுபவை. நாற்பத்தைந்தாவதான யாத்திரைப் பத்து, காலம் வந்துவிட்டது, கிளம்புங்கள் என்று அடியார் கூட்டத்தையே அழைப்பது.

இந்த வேறுபாடுகள் பல நூற்றாண்டுகளாகக் காதில் விழாமலே போனதற்கும் காரணம் உண்டு. தேவாரத்துக்குப் பண்கள் வகுத்து வைத்த மரபு, திருவாசகத்தைப் பெரும்பாலும் மோகனத்திலேயே பாடி வந்தது. முற்றோதலில் காலை முதல் மாலை வரை ஓதுவாரும் அடியாரும் அமர்ந்து 658 பாடல்களையும் பாடி முடிக்கும்போது, ஒரே ராகத்தின் ஓட்டத்தில் உலக்கைப் பாட்டும் தனிமனிதப் புலம்பலும் ஒன்றுபோல ஒலிக்கும். வழிபாட்டுக்கு அந்தச் சமநிலை பெரும்பலம். சொல் மட்டுமே முன்னே நிற்கும்; பாடுபவரின் திறமை பின்னே போய்விடும். இளையராஜா செய்தது அந்தச் சமநிலையைக் கலைத்தது. ஒவ்வொரு பகுதிக்கும் அதற்குரிய வேகம், தாளம், கூட்டுக்குரலின் அளவு ஆகியவற்றைத் தனித்தனியே தேடினார். அப்படித் தேடியதும் மூலத்திலுள்ள மேடுபள்ளம் வெளியே தெரியத்தானே செய்யும்?

ஆறு பாடல்களையும் இந்த வகைமையோடு சேர்த்துக் கேட்டால் ரசிகர்களின் பிளவு எங்கே விழுகிறது என்பது புலப்படும். ‘பூவார் சென்னி மன்னன்’ யாத்திரைப் பத்திலிருந்து எடுத்தது. நூலில் கடைசிப் பகுதிகளோடு நிற்கும் புறப்பாட்டை இளையராஜா முதற்பாடலாக்கினார். கூட்டத்தை அழைக்கும் பாட்டுக்குப் பெரிய இசைக்குழுவும் கூட்டுக்குரலும் பொருந்தாமல் வேறெது பொருந்தும்? ‘முத்துநற்றாமம்’ பொற்சுண்ணம், இடிக்கும் கைகளின் தாளம் மேற்கத்திய நரம்பு வாத்தியங்களையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. முதற்கேட்பிலேயே எல்லோரையும் கவர்ந்தவை இவை. ‘உம்பர்கட்கரசே’ பிடித்த பத்து. இனி என்னை விட்டு நீ எங்கே எழுந்தருள முடியும் என்று சிவனைச் சிக்கெனப் பற்றிக்கொண்டு ஒருவர் கேட்கும் நெருக்கமான கேள்வி அது. மடியில் முகம் புதைத்துச் சொல்வதை நூறு வாத்தியங்கள் சூழ்ந்து நின்று கேட்பது போன்ற சங்கடம் அங்கே ஏற்படத்தான் செய்கிறது. ‘புற்றில்வாழ்’ அச்சப் பத்து: பாம்புக்கு அஞ்சேன், இன்னதற்கு அஞ்சேன் என்று அடுக்கிக்கொண்டே போய், சிவனிடம் அன்பில்லாதவரைக் கண்டால்தான் அஞ்சுவேன் என்று திரும்பும் பாட்டு. அந்தத் திருப்பத்தில்தான் உயிர் இருக்கிறது. இசையின் அடுக்கு வளர வளரத் திருப்பத்தின் கூர்மை குறைந்துபோகிறது. கூட்டமாகப் பாடும் பகுதிகளில் வென்று, தனியாகப் பேசும் பகுதிகளில் தடுமாறும் தொகுப்பு என்று இதைச் சொல்லிவிடலாம், ஒரே ஒரு பாடல் மட்டும் குறுக்கே வராவிட்டால்.

அந்தப் பாடல் ‘பொல்லா வினையேன்’. ஏறத்தாழ 20 நிமிடம் நீளும் இது சிவபுராணத்திலிருந்து பிறந்தது. திருப்பெருந்துறையில் அருளப்பட்டதாக மரபு சொல்லும் பகுதி. சிவபுராணம் 95 அடி கொண்ட கலிவெண்பா. எல்லோருக்கும் மனப்பாடமான வாழ்த்தில் தொடங்காமல், உன்னைப் புகழும் வழியறியாத பொல்லாதவன் நான் என்று கவிஞர் நாணும் இடத்தைப் பிடித்தார் இளையராஜா. அதை அடுத்து வருவதுதான் பிறவிகளின் வரிசை. புல், பூண்டு, புழு, மரம், பல விலங்கு, பறவை, பாம்பு, கல், மனிதர், பேய், கணங்கள், அசுரர், முனிவர், தேவர் என்று எல்லாப் பிறப்பும் வினையெச்சமாகவே அடுக்கிவந்து, ‘இளைத்தேன்’ என்ற ஒரே வினைமுற்றில் இறங்குகின்றன. அதுவரை வாக்கியம் மூச்சு விடுவதில்லை. ஒரு சிறு கருத்தை எடுத்து, மாற்றி, வளர்த்து, கனம் கூட்டி, ஓரிடத்தில் இறக்கி வைப்பது மேற்கத்திய இசைக்குழு எழுத்தின் அடிப்படை வேலை. தமிழின் எச்ச அடுக்கு அதே வேலையைச் சொல்லில் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. தனிக்குரல் பகுதியாக இருந்தும் இப்பாடல் தொகுப்பின் உச்சமாக நிற்பதற்கு இதுவே காரணம். எல்லா உயிரிலும் புகுந்து வந்த குரல் என்பதால் அங்கே பேசும் ‘நான்’ ஒருவராக இருந்தும் கூட்டமாகிவிடுகிறது.

அதே பாடலில்தான் ஆங்கிலமும் வருகிறது. ராய் ஹார்கோர்ட்டின் குரலும் அமெரிக்கக் கூட்டுக்குரலும் ஷ்வார்ட்ஸின் வரிகளைத் தமிழோடு மாறிமாறிப் பாடுகின்றன. தமிழ் வேதத்தில் ஆங்கிலமா என்று கொதித்தவர்கள் ஒருபுறம். உலகம் கேட்க வேண்டுமானால் வேண்டாமா என்றவர்கள் மறுபுறம். கொதிப்புக்கு நியாயம் குறைவு: போப் 1900-லேயே முழுநூலையும் பெயர்த்துவிட்டார், திருவாசகத்துக்கு அதனால் இழுக்கு வரவில்லை. பாவத்தையும் சிறுமையையும் ஒப்புக்கொள்ளும் மேற்கத்தியத் தேவாலய மரபுக்கு அருகில் நிற்கும் அந்த வரிகள் தம்மளவில் நேர்மையானவையே. குறை வேறிடத்தில் இருக்கிறது. மூச்சு விடாமல் ஏறவேண்டிய வாக்கியத்துக்கு நடுவே பொருளுரை வந்து நிற்கிறது. அதனால் ஏற்றம் தடைபட்டு, மறுபடி கீழிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பாடலின் தொடக்கத்தையும் முடிவையும் ஆங்கிலத்துக்கு விட்டு, பிறவி வரிசையைத் தமிழில் தொடர்ந்து ஓடவிட்டிருந்தால் இந்தச் சண்டையில் பாதி எழுந்திருக்காது.

பெயர் பற்றிய மறுப்பே மிகப் பரவலானது. சிம்பொனி என்பது அடிப்படையில் வாத்திய இசை. ஒன்றோடொன்று தொடர்புடைய சில பாகங்களாக விரியும். சமய நூலை நடிப்பின்றித் தனிக்குரலும் கூட்டுக்குரலும் இசைக்குழுவும் சேர்ந்து பாடுவதற்கு ஆரட்டோரியோ என்று பெயர். 1742-இல் டப்ளினில் அரங்கேறிய ஹாண்டலின் ‘மெசையா’ அதற்குப் பெரிய உதாரணம். 1824-இல் பேத்தோவன் தம் ஒன்பதாம் சிம்பொனியில் பாடகரைச் சேர்க்கவில்லையா என்று இளையராஜா தரப்பு ரசிகர்கள் கேட்டார்கள். அங்கே குரல் வருவது இறுதிப் பாகத்தில் மட்டும். அதற்கு முந்திய மூன்று பாகங்களின் கருப்பொருள்களை நினைவூட்டிவிட்டுத்தான் குரல் நுழைகிறது. இங்கே ஆறு பாடல்களும் தனித்தனியே நிற்பவை. ஆக இது ஆரட்டோரியோ வகையே. ஆயினும் பெயரைப் பற்றி இவ்வளவு சூடு ஏறியது இலக்கணத்தால் மட்டும் அன்று. லண்டன் ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழுவுக்காக 1993-இல் இளையராஜா எழுதிய சிம்பொனி பதிவாகியும் வெளிவரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் அதற்காகக் காத்திருந்தவர்களின் கையில் அதே சொல்லைத் தாங்கிய வேறொரு பொருள் வந்து சேர்ந்தது. 2005-இல் எழுந்த ஏமாற்றத்தில் பெரும்பங்கு இந்தக் காத்திருப்பினுடையது. இசையின் மேல் அதை ஏற்றிவிட்டார்கள்.

குரலைப் பற்றியும் குறை உண்டு. தேர்ந்த பாடகர் ஒருவரை வைத்திருக்கலாமே என்பார்கள். இளையராஜாவின் குரலில் கரகரப்பு உண்டு, மேல்ஸ்தாயியில் இறுக்கம் உண்டு, மறுப்பதற்கில்லை. பொல்லா வினையேன் என்று தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் சொற்களுக்கு மெருகேறிய சாரீரம் பொருந்துமா என்பதுதான் எதிர்க்கேள்வி, அது வலுவான கேள்வி. கோத்தும்பிப் பகுதியான ‘பூவேறு கோனும்’ பெண்ணின் கூற்று. அங்கே பெண்குரலைத் தலைமை ஏற்கவிட்டிருக்க வேண்டும் என்ற விமரிசனத்தை மட்டும் ஏற்காமல் இருக்க முடியாது. கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர் சைவ நூலைத் தயாரிக்கலாமா என்று எழுந்த முணுமுணுப்புக்கு, ஆங்கிலிக்கப் பாதிரியாரான போப்பின் பெயரே விடை.

ஏற்றத்தாழ்வை மூலத்தின் தலையில் கட்டுவது சரியா, எந்தப் பகுதியை எடுப்பது என்று தேர்ந்தவர் இசையமைப்பாளர்தானே என்ற மறுப்பு இன்னும் கனமானது. தேர்வு அவருடையது என்பது உண்மை. திருவெம்பாவையும், கேள்வியும் விடையுமாக நடக்கும் சாழலும் கூட்டுக்குரலுக்கென்றே பிறந்தவை போன்றவை. இரண்டும் தொகுப்பில் இல்லை. பிடித்த பத்துக்குப் பதில் சாழல் இடம்பெற்றிருந்தால் தொகுப்பு சீராக இருந்திருக்கும். ஆனால் அந்தச் சீர்மையில் மாணிக்கவாசகரின் பாதி மறைந்துபோயிருக்கும். இடிப்பவளும் ஊசலாடுபவளும் மட்டும் திருவாசகம் ஆகமாட்டார்கள். சிவனைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்பவரும் வேண்டும். அவருக்கேற்ற இசையைப் பெரிய இசைக்குழுவிடமிருந்து பெறுவது கடினம் என்று தெரிந்தும் முயன்றதை ஆக்கத்தின் தகுதியாகவே கொள்ள வேண்டும்.

இன்று இத்தொகுப்பை ரசிகர்கள் பெரும்பாலும் இணையத்தில் தனித்தனிப் பாடல்களாகவே கேட்கிறார்கள். இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி 2025 மார்ச் 8-இல் லண்டனில் அரங்கேறிய பிறகு பெயர்ச்சண்டை பெரிதும் அடங்கிவிட்டது. ‘பொல்லா வினையே’னில் ஆங்கிலம் இருந்திருக்க வேண்டுமா என்ற வாதம் மட்டும் தொடர்கிறது.