பேஸ் கிட்டாரில் 'ஸ்லாப்' அடிக்கலாமா, கூடாதா? கலைஞர்கள் இரண்டாகப் பிரிவது ஏன்?

கோவில் திருவிழாவா, பனியன் கம்பெனி ஆயுத பூஜையா, திருப்பூர் வட்டாரத்தில் இன்னிசைக் கச்சேரிக்கு எப்போதும் கூட்டம் உண்டு. பாடுபவர்கள் முன்னால், கீபோர்டும் ரிதம் பேடும் பின்னால். ஒரு ஓரத்தில் நீளமான கழுத்துள்ள, நாலே கம்பி கொண்ட கிட்டாரோடு ஒருவர் நிற்பார். அவர் என்ன வாசிக்கிறார் என்று பலருக்கும் தெரியாது. ஆனால் அவர் வாசிப்பை நிறுத்தினால், பாட்டில் ஏதோ காலியாகிவிட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அவர்தான் பேஸ் கிட்டார் கலைஞர். திடீரென்று அவர் கட்டை விரலால் கம்பியை 'டப் டப்' என்று அடிக்க ஆரம்பித்தால் மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் திரும்பும். அந்த அடிக்குப் பெயர் ஸ்லாப். பேஸ் வாசிக்கிறவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் கண் விரிய பேசுவார், இன்னொருவர் முகம் சுளிப்பார். ஏன் இப்படி?

ஸ்லாப் என்றால் என்ன?

வழக்கமாக பேஸ் கிட்டாரை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்டும். ஒலி உருண்டையாக, நீளமாக நிற்கும். ஸ்லாப் அப்படி இல்லை. கட்டை விரலின் பக்கவாட்டு எலும்பால் தடித்த கம்பியை ஓங்கித் தட்ட வேண்டும். கம்பி ஃப்ரெட் மீது மோதி உலோகச் சத்தம் கிளம்பும். கூடவே ஆள்காட்டி விரலால் மெல்லிய கம்பியைக் கீழிருந்து இழுத்து விட வேண்டும். இந்த இழுப்புக்கு 'பாப்' என்று பெயர். சுருக்கமாகச் சொன்னால் தவிலில் ஒரு பக்கம் குச்சி, மறுபக்கம் விரல் என்று வாசிப்பதுபோல, ஒரே கை இரண்டு வேலை பார்க்கிறது. சுரமும் தாளமும் சேர்ந்தே வரும்.

யார் ஆரம்பித்தது?

ஆளுயர டபுள் பேஸை அறைந்து வாசிப்பது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருந்தது. எலெக்ட்ரிக் பேஸில் இதைப் பிரபலமாக்கியவர் லாரி கிரஹாம். 1960களில் கலிஃபோர்னியாவில் தன் அம்மாவோடு சேர்ந்து சின்ன சின்ன இடங்களில் வாசித்துக்கொண்டிருந்தார். டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லை. அதனால் கட்டை விரல் தட்டலை பேஸ் டிரம் ஆகவும், விரல் இழுப்பை ஸ்நேர் டிரம் ஆகவும் வைத்துக்கொண்டார். அதாவது இது வித்தை காட்டப் பிறந்தது அல்ல, ஆள் பற்றாக்குறையில் பிறந்தது. பிறகு 'ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன்' குழுவில் அவர் வாசித்ததைக் கேட்டு உலகம் முழுக்க பேஸ் கலைஞர்கள் கட்டை விரலைத் தீட்ட ஆரம்பித்தார்கள். லூயிஸ் ஜான்சன், மார்கஸ் மில்லர், விக்டர் வூட்டன் எல்லாம் அந்த வரிசையில் வந்தவர்கள்.

அப்புறம் என்ன பிரச்னை?

எதிர்ப்பவர்களின் வாதம் எளிமையானது. பேஸின் வேலை பாட்டைத் தாங்குவது, தன்னைக் காட்டுவது அல்ல. அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனப் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையில் ஒரே ஒரு விரலால்தான் மீட்டினார். இன்றைக்கும் பேஸ் கற்பவர்கள் அவர் வாசிப்பைப் பாடமாக எடுத்துப் படிக்கிறார்கள்.

இன்னொரு உதாரணம் இன்னும் சுவாரஸ்யம். 'தண்டர் தம்ப்ஸ்', அதாவது இடிக் கட்டை விரல் என்றே பட்டப்பெயர் வாங்கியவர் லூயிஸ் ஜான்சன். மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' பாட்டில் வாசித்தது அவர்தான். அந்த பேஸில் இடி எதுவும் இல்லை, விரலால் சீராக மீட்டியதுதான். ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் ஃப்ளீ ஸ்லாப்புக்காகவே பெயர் வாங்கியவர். 1991இல் வந்த ஆல்பத்தில் அவரே வேண்டுமென்று அதைக் குறைத்துக்கொண்டார். ஸ்லாப் தெரிந்தவர்களே எங்கே நிறுத்துவது என்று யோசித்திருக்கிறார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

தமிழ்ப் பாட்டில் ஏன் அதிகம் கேட்பதில்லை?

இங்கேதான் நம்ம ஊர் கதை வருகிறது. இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தானே நொட்டேஷன் எழுதிக் கொடுப்பவர். அவர் பாட்டில் பேஸ் என்பது வெறும் 'தும் தும்' அல்ல, மெட்டுக்கு அடியில் ஓடும் இன்னொரு மெட்டு. அவருடைய பேஸ் கலைஞர் சசிதரன் வாசித்ததை ஹெட்போனில் கேட்டால் இது புரியும். அப்படி ஓடும் மெட்டுக்கு ஒலி நின்று பேச வேண்டும். ஸ்லாப்பில் சுரம் பளிச்சென்று வெடித்து சீக்கிரம் அடங்கிவிடும். பல இடங்களில் இரண்டும் ஒத்துப்போகாது.

ஏ.ஆர்.ரஹ்மான் பாடல்களில் சென்னையைச் சேர்ந்த கீத் பீட்டர்ஸ் நீண்ட காலமாக வாசித்து வருகிறார். ரஹ்மானோடு மேடையேறிய இன்னொருவர் மும்பையின் மோகினி டே. ரஞ்சித் பாரோட்டிடம் கொன்னக்கோல் வழியாகத் தாளம் பழகியவர். 'தகதிமி' என்று வாயால் சொல்வதை அப்படியே கட்டை விரலில் இறக்கி வாசிப்பார். ஸ்லாப் வேண்டாம் என்பவர்கள் ஒருமுறை அவர் வாசிப்பைக் கேட்டுவிட்டுப் பேசலாம் என்பது நம் கருத்து. அங்கே அது அலங்காரம் இல்லை, மொழி.

கச்சேரி மேடைக்கு வேறு விதி. ஜனங்கள் கேட்க வருவது தங்களுக்கு மனப்பாடமான பாட்டை. ரெக்கார்டில் இருக்கும் பேஸை அப்படியே வாசித்தால்தான் பெயர். நடுவில் ஸ்லாப் போட்டால் பாடகரின் தாளமே தடுமாறலாம். டிரம்ஸ் தனி ஆவர்த்தனம் மாதிரி ஒரு இடைவெளி கிடைத்தால்தான் பேஸ்காரருக்குச் சுதந்திரம்.

கீபோர்டுக்குள் ஒளிந்திருக்கும் ஸ்லாப்

பலருக்குத் தெரியாத விஷயம் இது. 1991இல் வந்த 'ஜெனரல் மிடி' என்ற பொது விதிப்படி, கீபோர்டுகளில் 128 ஒலிகளுக்கு வரிசை எண் தரப்பட்டது. அதில் 37ம் 38ம் ஸ்லாப் பேஸ். அதனால் கீபோர்டுக்காரர் ஒரு பட்டனை அழுத்தினால் ஸ்லாப் ரெடி. நீங்கள் மேடையில் கேட்ட ஸ்லாப் பேஸ் கிட்டாரிலிருந்தே வராமல் இருந்திருக்கலாம்.

விஷயம் சத்தத்தோடு முடிவதில்லை. பட்ஜெட் குறைந்தால் பேஸ் கிட்டாரை விட்டுவிட்டு, கீபோர்டின் இடது கையில் பேஸை முடித்துவிட முடியும். ஒரு ஆள் சம்பளம் மிச்சம். 'பின்னாலேயே நில்லு, யாருக்கும் தெரியாம வாசி' என்பது கலை நோக்கில் நல்ல அறிவுரைதான். ஆனால் யாருக்கும் தெரியாத ஆளை நீக்குவதும் சுலபம். மேடைக் கலைஞர் நாலு பாட்டுக்கு ஒருமுறை ஸ்லாப் அடித்துத் தன் இருப்பைக் காட்டிக்கொள்வதை வெறும் பந்தா என்று தள்ளிவிட முடியாது.

மொபைலில் ஸ்லாப் மட்டும் கேட்பது ஏன்?

பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியின் அடிப்படை ஒலி சுமார் 41 ஹெர்ட்ஸ். மொபைலின் குட்டி ஸ்பீக்கரால் இவ்வளவு கீழே இறங்கவே முடியாது. ஆனால் கம்பி ஃப்ரெட்டில் மோதும் 'டக்' சத்தம் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை போகும். அது போனில் தெளிவாகக் கேட்கும். ரீல்ஸில் விரல் பேஸ் காணாமல் போவதும், ஸ்லாப் மட்டும் பளிச்சென்று தெரிவதும் இதனால்தான். இத்தாலி யூடியூபர் டேவி504 ஸ்லாப்பை வைத்தே காமெடி செய்து 1 கோடிக்கும் மேல் சந்தாதாரர்களைச் சேர்த்தார்.

விளைவு? வீடியோ பார்த்து பேஸ் வாங்கும் பிள்ளைகள் முதல் வாரமே கட்டை விரலைத் தூக்குகிறார்கள். பெரிய ஸ்பீக்கர் கட்டிய மேடைக்கு வந்ததும் கணக்கு தலைகீழாகிறது. போனில் கேட்காத அந்த 41 ஹெர்ட்ஸ்தான் அங்கே நெஞ்சில் மோதும். கட்டுப்பாடில்லாத ஸ்லாப் அடிக்கு அடி சத்தம் ஏறி இறங்கும், சவுண்டு மிக்ஸரில் இருப்பவர் திணறிப்போவார். இதைச் சமாளிக்கத்தான் கம்ப்ரஸர் என்ற கருவி.

கற்க நினைப்பவர்களுக்கு

முதலில் இரண்டு விரலால் சீராக வாசிக்கப் பழகுங்கள், மெட்ரோனோம் வைத்துக்கொண்டு. ஸ்லாப்புக்குப் பலம் வேண்டாம். கதவுக் கைப்பிடியைத் திருப்புவதுபோல முன்கையைச் சுழற்றினால் போதும். மணிக்கட்டை மடக்கிக்கொண்டு மணிக்கணக்கில் அடித்தால் வலி வரும். வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வலது கையைவிட இடது கைக்குத்தான் வேலை அதிகம். வாசிக்காத கம்பிகளை அது தொட்டு அமுக்கி வைக்காவிட்டால் எல்லாம் சேர்ந்து இரையும். வழவழப்பான 'ஃப்ளாட்வூண்ட்' கம்பியில் ஸ்லாப் மந்தமாக இருக்கும், சொரசொரப்பான 'ரவுண்ட்வூண்ட்' போடுங்கள். வேர்வை பட்டுப் பழசான கம்பியில் அந்தப் பளிச் வராது. மேடைக்கு முன் புதுசு மாற்றுங்கள்.