வட்டியும் வேண்டாம், சேமிப்பும் கரையக் கூடாது: என்ன வழி?

ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, திருமுல்லைவாயில் சகோதரர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்பது இது: "ஹஜ்ரத், பேங்க்ல போட்டா வட்டி. வீட்ல வெச்சா மதிப்பு கொறையுது. என்னதான் பண்றது?" அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்து, மகளின் நிக்காஹுக்காக மாதாமாதம் ஒதுக்கும் தகப்பனுக்கு இது சின்னக் கேள்வி அல்ல.

கணக்கைப் பார்ப்போம். விலைவாசி உயர்வை 4 சதவீதத்தில் வைப்பது ரிசர்வ் வங்கியின் இலக்கு. 2016இல் வகுத்த வரம்புப்படி அது 2 முதல் 6 வரை போகலாம். 5 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். பீரோவில் இருக்கும் 5 லட்சம் ரூபாய், பத்து ஆண்டு கழித்து, இன்று 3 லட்சத்து 7 ஆயிரத்துக்குக் கிடைக்கும் பொருளைத்தான் வாங்கும். அதிலிருந்தே ஆண்டுதோறும் 2.5 சதவீதம் ஸகாத்தும் கொடுத்து வந்தால், சுமார் 2 லட்சத்து 38 ஆயிரத்துக்கு உள்ளது. இதற்கு ஸகாத்தைக் குறை சொல்ல முடியாது. பணத்தை முடக்கி வைக்கும்படி மார்க்கம் சொல்லவில்லை. யத்தீம்களின் சொத்தை ஸகாத் தின்றுவிடாதபடி வியாபாரத்தில் ஈடுபடுத்துமாறு உமர் (ரலி) அவர்கள் சொன்னதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் வருகிறது.

நம் வீடுகளில் உடனே வரும் பதில் தங்கம். 2000இல் பவுன் 4 ஆயிரத்துக்கும் கீழே; 2025இல் 70 ஆயிரத்தைத் தாண்டியது. ஆனால் 2012இல் 24 ஆயிரத்தைத் தொட்ட பவுன், 2015 நடுவில் 20 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியதை மறந்துவிடுகிறோம். அந்த ஆண்டு கல்யாணம் வைத்தவர் நஷ்டத்தில்தான் விற்றிருப்பார். நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் வாங்கும் நாளிலேயே போய்விடும். சேமிப்புக்கு என்றால் காசாக வாங்குவதே மேல். அணியும் நகைக்கு ஷாஃபிஈ மத்ஹபில் ஸகாத் இல்லை, ஹனஃபியில் உண்டு. சேமிப்பாக வைக்கும் காசுக்கு இரண்டிலும் உண்டு. 2015இல் அரசு கொண்டுவந்த தங்கப் பத்திரம் வட்டியோடு வந்ததால் அது நமக்குச் சரிப்படவில்லை.

இன்னொரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. கைமாற்றாகக் கொடுத்த ரூபாயை, விலைவாசி ஏறிவிட்டது என்று கூட்டிக் கேட்கக் கூடாது. வாங்கிய தொகையைத்தான் திருப்ப வேண்டும் என்று 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. தங்கமாகவே கடன் கொடுத்தால் அதே எடையைத் திரும்பப் பெறலாம். பிறகு தருவதாகச் சொல்லும் மஹருக்கும் இதுவே பொருந்தும். முப்பது ஆண்டுக்கு முன் 5,001 ரூபாய் என்று எழுதிய மஹர் இன்று என்ன வாங்கும்? பவுனில் எழுதுங்கள்.

இடம் வாங்குவோர் முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் போவதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் பகுதியில் ஏரிகள் அதிகம். பட்டா, வில்லங்கச் சான்று, சிஎம்டிஏ அனுமதி மூன்றையும் பார்க்காமல் அட்வான்ஸ் தரவே கூடாது.

பங்குச் சந்தையில் வட்டித் தொழிலும் மதுவும் நீக்கி முதலீடு செய்யும் டாடா எத்திகல் ஃபண்ட் 1996 முதல் இருக்கிறது. நிஃப்டி 50 ஷரீஆ குறியீட்டைப் பின்பற்றும் ஈடிஎஃப்பும் உண்டு. 2020 மார்ச்சில் போல ஒரே மாதத்தில் விழவும் செய்யும். எனவே ஐந்தாறு ஆண்டுக்குள் தேவைப்படும் பணத்தை அங்கே போட வேண்டாம்.

பெங்களூரின் ஐஎம்ஏ நிறுவனம் 'ஹலால் முதலீடு' என்று சொல்லி முஸ்லிம் குடும்பங்களிடம் பல நூறு கோடிகளைத் திரட்டி, 2019 ஜூனில் முடங்கியது. தாடியையும் தொப்பியையும் பார்த்துப் பணம் கொடுத்தவர்கள் பலர். முளாரபாவில் லாபம் விகிதமாகத்தான் பேசப்படும். மாதம் இத்தனை ரூபாய் நிச்சயம் என்று ஒருவர் சொன்னால், அவர் ஹஜ்ரத்தாகவே இருந்தாலும், அது முளாரபா அல்ல.

அந்தத் தகப்பனிடம் நாம் சொன்னது: ஆறு மாதச் செலவுக்கானது ரொக்கமாக இருக்கட்டும். கல்யாணத்துக்கு எட்டு வருஷம் இருப்பதால் மீதியில் பாதி தங்கக் காசு, பாதி ஷரீஆ ஃபண்ட். கடைசி இரண்டு வருஷத்தில் ஃபண்டை மெல்ல வெளியே எடுத்துவிட வேண்டும். கணக்கில் விழும் வட்டியைத் தனியே குறித்து வைத்து, நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடச் சொன்னோம்.