1977: ஒரு தீர்ப்பா, இரு தீர்ப்புகளா?

1977 மார்ச்சில் நடந்த ஆறாவது மக்களவைத் தேர்தலை ‘நெருக்கடி நிலைக்கு எதிரான நாட்டு மக்களின் தீர்ப்பு’ என்று ஒற்றை வரியில் சுருக்கிவிடுவது நம் வழக்கம். புள்ளிவிவரங்கள் அத்தனை எளிய கதையைச் சொல்லவில்லை.

உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளிலும் பீகாரின் 54 தொகுதிகளிலும் காங்கிரஸ் ஓரிடத்தைக்கூடப் பெறவில்லை. ரேபரேலியில் பிரதமர் இந்திரா காந்தியே ராஜ் நாராயணிடம் 55,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் தோற்றார். அதே தேர்தலில் ஆந்திரத்தின் 42 இடங்களில் 41-ஐயும், கர்நாடகத்தின் 28 இடங்களில் 26-ஐயும் காங்கிரஸ் வென்றது. கேரளத்தின் 20 இடங்களும் அதன் கூட்டணிக்கே கிடைத்தன. 1976 ஜனவரி 31 அன்று திமுக ஆட்சி கலைக்கப்பட்ட தமிழகத்திலும் அதிமுக–காங்கிரஸ் அணியே பெருவெற்றி பெற்றது.

தணிக்கையும் விசாரணையற்ற சிறைவாசமும் நாடு முழுமைக்கும் பொதுவானவை. ஆனால் கட்டாயக் கருத்தடையும் குடிசை அகற்றலும் வட மாநிலங்களிலும் தில்லியிலுமே மிகக் கடுமையாக நிகழ்ந்தன. உரிமைப் பறிப்பு உடலையும் வீட்டையும் தொட்ட இடங்களில் ஆட்சி வீழ்ந்தது. செய்தியாக மட்டும், அதுவும் தணிக்கைக்குப் பின், சென்றடைந்த இடங்களில் பெரிதும் தப்பியது. கூட்டணிக் கணக்குகளுக்கும் இதில் பங்குண்டு. எனினும், எதேச்சாதிகாரத்தை வாக்காளர் எப்போதும் தண்டிப்பர் என்னும் நம்பிக்கைக்கு 1977 முழுச் சான்றாகாது.

ஆகவே, மார்ச் 24 அன்று மொரார்ஜி தேசாய் பதவியேற்றதைவிட, அவரது ஆட்சி 1978-இல் நிறைவேற்றிய 44-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கூடுதல் கவனத்துக்குரியது. 1975 ஜூன் 25 இரவு குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட பிரகடனத்துக்கு அமைச்சரவை மறுநாள் காலையில்தான் ஒப்புதல் அளித்தது. அதற்குச் சட்ட அடிப்படையாக அமைந்தது, 352-ஆம் உறுப்பிலிருந்த ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற தொடர். எந்தப் போராட்டத்தையும் உள்ளடக்கிக்கொள்ளும் அளவுக்கு அதன் பொருள் நெகிழ்வானது. திருத்தம் அத்தொடரை நீக்கி ‘ஆயுதக் கிளர்ச்சி’ என்று மாற்றியது. அமைச்சரவையின் எழுத்துவழிப் பரிந்துரையைக் கட்டாயமாக்கியது. உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்குமான 21-ஆம் உறுப்பின் பாதுகாப்பை நெருக்கடிக் காலத்திலும் நிறுத்திவைக்க இயலாதவாறு செய்தது.

மொரார்ஜி அரசு 1979 ஜூலையில் வீழ்ந்தது. 1980 ஜனவரியில் இந்திரா காந்தி மீண்டும் பிரதமரானார். அந்தச் சொல்மாற்றம் இன்றும் நிலைத்திருக்கிறது.