வடகிழக்குப் பருவமழைக்கால உணவு

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும் காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் பின்பற்றப்படும் உணவு வழக்கங்களும், அப்போது தேவைப்படும் உணவுப் பாதுகாப்பு முறைகளும் இத்தலைப்பில் அடங்கும். மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி இம்மூன்று மாதங்களில் கிடைக்கிறது. காலரா, டைபாய்டு, சீதபேதி, ஏ மற்றும் ஈ வகை மஞ்சள் காமாலை ஆகியவை பரவ வாய்ப்பு மிகுந்த காலமும் இதுவே. சளி பிடிக்கும் என்று தயிரையும் வாழைப்பழத்தையும் ஒதுக்கும் வீடுகள் பல. ஆனால் அஞ்ச வேண்டியது அவற்றுக்கு அல்ல, தண்ணீருக்கு.

தெருவில் தேங்கும் மழைநீர் சாக்கடையோடு கலந்து, விரிசல் விட்ட குடிநீர்க் குழாய்களைச் சூழ்கிறது. தண்ணீர் விடாத நேரத்தில் குழாயில் அழுத்தம் இராது. அப்போது வெளியே நிற்கும் நீர் விரிசல் வழியே உள்ளே புகுந்துவிடும். நாள்விட்டு நாள் தண்ணீர் வரும் ஊர்களில் ஆபத்து கூடுவது இதனால்தான். குடிநீரில் தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டு இறக்கினால் நோய்க்கிருமிகள் அழிந்துவிடும். உணவகங்களில் கொதிநீரோடு பச்சைத்தண்ணீரை விளாவிச் 'சுடுதண்ணி' என்று தருவதில் பயனில்லை. உறைநிலையிலும் பல கிருமிகள் பிழைத்திருப்பதால் ஐஸ் கட்டியையும் நம்பக் கூடாது.

கொதித்ததா, பச்சையா என்னும் இதே அளவுகோலைச் சாப்பாட்டு இலைக்கு நகர்த்தினால், இட்லியைவிடச் சட்னியே கவலைக்குரியது. இட்லி ஆவியில் வெந்தது. தேங்காய்ச் சட்னியோ பச்சைத்தண்ணீர் விட்டு அரைத்து, தாளித்ததை மேலே கொட்டிய பண்டம். அந்தத் தாளிப்புச் சூடு கிருமிகளைக் கொல்லப் போதாது. பானிபூரித் தண்ணீர், வெட்டிவைத்த பழம், வெங்காயப் பச்சடி எல்லாம் இந்த வரிசைதான். மழைநாளில் ரசம் பாதுகாப்பானது என்றால், மிளகுக்கும் பூண்டுக்கும் முன்பாக அதன் சூட்டுக்கே அந்தப் பெருமை சேரும்.

சோற்றில் வேறொரு சிக்கல் உண்டு. அரிசியில் இருக்கும் பேசில்லசு செரியசு என்னும் பாக்டீரியாவின் வித்துகள் வேகும்போதும் சாவதில்லை. வடித்த சோறு மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது. சமைத்த உணவை 5 பாகை செல்சியசுக்குக் கீழே அல்லது 60 பாகைக்கு மேலே வைத்திருக்க வேண்டும் என்பது பொதுவிதி. மின்வெட்டு நீளும் மழைநாட்களில் முதல் பாதியை நம்ப முடியாது. அளவாக வடித்து அன்றன்றே தீர்ப்பது மேல்.

மழைக்கான ஏற்பாடு கோடையிலேயே தொடங்கிவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் காயும் சுண்டைக்காய், மணத்தக்காளி, மோர்மிளகாய், வடகம் ஆகியவை தக்காளியும் வெங்காயமும் விலையேறும் ஐப்பசியில் கைகொடுக்கின்றன. புளியும் உப்பும் எண்ணெயும் தூக்கலான வற்றல்குழம்பு எளிதில் கெடாது. ஆனால் வற்றலில் ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். நிலக்கடலையிலும் மிளகாயிலும் வளரும் ஒருவகைப் பூஞ்சை, கல்லீரலைக் கெடுக்கும் அஃப்ளடாக்சினை உண்டாக்குகிறது. வறுத்தாலும் அது முழுதும் நீங்காது. பூத்த கடலையைத் துடைத்து மிச்சம்பிடிக்காமல் எறிந்துவிட வேண்டியதுதான்.

மழைக்காலத்தில் கீரையை விலக்கும் வழக்கம் ஊருக்கு ஊர் மாறும். கேரளத்தில் கர்க்கடக (ஆடி) மாத மழையில் முருங்கைக்கீரையைத் தவிர்ப்பார்கள். அதே மாதத்தில் பத்து வகை இலைகளைச் சேர்த்துச் சமைக்கும் பத்திலையும் அங்கே உண்டு. சேறும் புழுவும் போகப் பலமுறை அலசி, நன்கு வேகவைத்தால் கீரையை ஒதுக்கக் காரணமில்லை.

வயிற்றுப்போக்கு கண்டால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் குறித்துள்ள அளவு கொதித்து ஆறிய நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் நீருக்கு மட்டமாக அளந்த 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. மருத்துவர் தரும் துத்தநாக மாத்திரையை, போக்கு நின்றபின்னும் 14 நாள் முடியும்வரை கொடுக்க வேண்டும். மலத்தில் இரத்தம், சிறுநீர் இறங்காமை, கண் குழிதல் ஆகியவை தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.